"கவரை வாங்கி வை" என்றால் என்ன செய்வது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. லஞ்சம் வாங்கக் கூடாது என்று பயிற்சியில் வகுப்பு எடுத்தார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் எனக்கு மேலே இருப்பவர், "காண்ட்ராக்டர் கவர் கொண்டுவருவார், வாங்கி டிராயரில் வை" என்கிறார். இரண்டு தடவை வைத்தேன். அது என் பணம் இல்லையே, எனக்கு ஏதும் வருமா?

பதில்: வரும். முதலில் உங்களுக்குத்தான் வரும். லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்துவிட்டு வருகிற காண்ட்ராக்டரின் நோட்டில் பினாப்தலின் தூள் தடவியிருக்கும். அதைத் தொட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டால் இளஞ்சிவப்பாகும். கேட்டவர் அந்த நேரம் மீட்டிங்கில் இருப்பார். அவரும் மாட்டலாம், ஆனால் கரைசலில் கை விடுவது நீங்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 7ஆம் பிரிவில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இன்னொருவருக்காக வாங்கினாலும் குற்றம்தான்.

"கொடுத்தவனும் உள்ளே போவான், அதனால் புகார் செய்ய மாட்டான்" என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பது நேரடிக் குற்றம், அது உண்மை. ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் லஞ்சம் கொடுத்த குற்றம் அவர்மேல் பாயாது. முன்கூட்டியே தகவல் சொல்லி, பிடித்துக் கொடுப்பதற்காகவே பணம் கொடுத்தால் அதுவும் குற்றமாகாது. அதாவது இன்று மதியம் சிரித்துக்கொண்டே கவர் நீட்டியவர் ஏழு நாளுக்குள் புகார்தாரராக நிற்கலாம், அவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் அவர் பல்டி அடித்துப் பிறழ்சாட்சியானாலும் வழக்கு தானாக விழுந்துவிடாது, மற்ற சாட்சியங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கேன்டீன் சட்ட ஞானத்தை நம்பாதீர்கள்.

சரி, எப்படி மறுப்பது? சண்டை போடாதீர்கள். "சார், ஆபீஸுக்கு வர்ற பணத்துக்கு ரசீது போடணுமே, எந்தத் தலைப்பில் போடட்டும்?" என்று அப்பாவியாகக் கேளுங்கள். இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை வேறு ஆளைத் தேடுவார். இந்த ஒரு வரியை எல்லோரும் எழுந்து நின்று சொல்லிப் பழக வேண்டும் என்று நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் கேட்டேன். பவர்பாயின்ட் போதும், குரூப் போட்டோவுக்கு நேரமாச்சு என்றார்கள். பயிற்சி தேவைப்படுகிறவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசிவரை உட்கார்ந்து கேட்பது உங்களைப் போல நேற்று சேர்ந்தவர்கள்.

பில் வந்த அன்றே தன்பதிவேட்டில் (உங்களிடம் வரும் தாள்களைப் பதியும் ஏட்டில்) ஏற்றி, குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுங்கள். கோப்பு உங்கள் மேசையில் தூங்காவிட்டால், கவருக்காக நீங்கள் நிறுத்திவைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் கையில் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்பதை அதற்கான பதிவேட்டில் எழுதுங்கள். தீபாவளி சமயத்தில் திடீர் சோதனை வந்தால், டிராயரில் இருக்கும் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது அந்த டிராயருக்கு உரியவர்தான்.

அப்புறம் வாசல் டீக்கடை புரோக்கர். உங்கள் முகமே தெரியாத காண்ட்ராக்டரிடம் "கிளார்க் தம்பிக்கும் சேர்த்து" என்று வாங்கி முழுசாகப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அவரைத் தண்டிக்க 7ஏ பிரிவு இருக்கிறது, ஆனால் புகாரில் அடிபடுவது உங்கள் பெயர். அவர் வாங்கித் தரும் டீயைக்கூடக் குடிக்காதீர்கள். போன் நம்பர் தராதீர்கள். கணினி பாஸ்வேர்டைத் தற்காலிக ஆளிடமும் கொடுக்காதீர்கள்.

மறுத்தால் மாறுதல் வருமா? வரலாம். வராது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் மாறுதலில் சம்பளம் வரும், சஸ்பென்ஷனில் சம்பளத்தில் ஒரு பகுதியான பிழைப்பூதியம்தான்.

ஏற்கெனவே வாங்கி வைத்த இரண்டு கவர்களைப் பற்றி, குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். தேதி, யார் சொன்னது, யார் கொண்டுவந்தது எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி எடுத்துப் போங்கள். "விஜிலென்ஸில் எனக்கு ஆள் தெரியும், முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். அவரும் அந்த டீக்கடையில்தான் இருப்பார்.