எம்.பி.ஏ. புராஜெக்டைக் கட்டுரையாக்கினால் யார் பெயர் முதலில் வர வேண்டும்?

கேள்வி: எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். திருப்பூர் பின்னலாடை யூனிட் ஒன்றில் தொழிலாளர்கள் ஏன் அடிக்கடி வேலையை விட்டுப் போகிறார்கள் என்று புராஜெக்ட் செய்தேன். அதை ஒரு ஜர்னலில் போடலாம், ஒரே வாரத்தில் வந்துவிடும் என்கிறார் கைடு. பணம் நான் கட்ட வேண்டுமாம். பெயர் வரிசையில் அவர் முதலில், துறைத்தலைவர் அடுத்து, நான் கடைசி. பிஎச்.டி. சேரும் எண்ணம் இருப்பதால் கேட்கிறேன், ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஜர்னலும் வேண்டாம், அந்தப் பெயர் வரிசையும் வேண்டாம்.

முதலில் ஜர்னல். நல்ல ஜர்னலில் எடிட்டர் படித்துப் பார்த்து, தேறும் என்று பட்டால்தான் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு உங்கள் பெயரை மறைத்து அனுப்புவார், அவர்கள் குறை எழுதுவார்கள், நீங்கள் திருத்தி அனுப்புவீர்கள், மறுபடியும் குறை வரும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் வருகிறதென்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். 'யு.ஜி.சி. அங்கீகாரம்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தான் ஏற்கும் ஜர்னல்களுக்காக வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025-இலேயே கைவிட்டுவிட்டது. 'ஸ்கோபஸ்' (ஜர்னல்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்கும் தரவுத்தளம்) என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்துக்கே போய் ஐ.எஸ்.எஸ்.என். என்ற ஜர்னலின் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். மேலாண்மைத் துறைக்கு ஜர்னல்களைத் தரம் பிரிக்கும் ஏ.பி.டி.சி. என்ற ஆஸ்திரேலியப் பட்டியலையும் பாருங்கள். பணம் கேட்டாலே போலி என்றும் இல்லை, ஆனால் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் 'விகல்பா'வும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் 'ஐ.ஐ.எம்.பி. மேனேஜ்மென்ட் ரிவ்யூ'வும் எழுதுபவரிடம் காசு வாங்குவதில்லை. அவற்றில் இடம் கிடைப்பது கடினம், அது வேறு விஷயம்.

அப்புறம் பெயர். கேள்வித்தாள் தயாரித்தது, யூனிட்டில் நின்று பதில் வாங்கியது, எக்ஸலில் ஏற்றியது, எழுதியது எல்லாம் நீங்கள் என்றால் முதல் பெயர் உங்களுடையது. மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து பெரும்பாலும் எடுத்து எழுதிய கட்டுரையில், விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால், மாணவர்தான் முதன்மை ஆசிரியர் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை நேராகவே சொல்கிறது. எம்.பி.ஏ. புராஜெக்டுக்கு மட்டும் நியாயம் வேறாகிவிடுமா என்ன? கைடு உங்கள் ஆய்வுக் கேள்வியைச் செதுக்கியிருந்தால், பகுப்பாய்வைத் திருத்தியிருந்தால், இரண்டாவது இடம் அவருக்கு உரியது, அதைத் தயங்காமல் கொடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்து மட்டும் போட்டவர் என்றால் நன்றியுரையில் ஒரு வரி போதும்.

இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கும்போது இதை எப்படிக் கேட்பது என்ற பயம் எனக்குப் புரிகிறது. சண்டை போட வேண்டாம், வைவாவும் ரிசல்ட்டும் முடியட்டும். "சார், பிஎச்.டி. இன்டர்வியூவில் என் வேலையைக் காட்ட வேண்டியிருக்கும், முதல் பெயர் நானாக இருக்கட்டும், கரஸ்பாண்டிங் ஆதராக நீங்கள் இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஜர்னலோடு கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் கரஸ்பாண்டிங் ஆதர். பேசி முடிவானதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். டிராஃப்டுகளையும் நிரப்பி வாங்கிய படிவங்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அவசரமே இல்லை: பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்கவே கட்டுரை வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது, பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கிடைக்கும் நேரத்தில் கட்டுரையை ஒழுங்காக எழுதுங்கள். புராஜெக்டை அப்படியே சுருக்கினால் கட்டுரை ஆகாது. ஆண் இத்தனை சதவீதம், பெண் இத்தனை சதவீதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பை சார்ட், அதன் கீழே அதையே திருப்பிச் சொல்லும் 'விளக்கம்', கடைசியில் ஒரு கை-ஸ்கொயர் புள்ளியியல் சோதனை என்று வந்தால் எடிட்டர் மேஜையிலேயே திரும்பிவிடும். அந்த அட்டவணைகளை ஒரே அட்டவணையாக மடக்குங்கள். ஏற்கெனவே வந்த ஆய்வுகள் எதைச் சொல்லவில்லை, உங்கள் தரவு எதைப் புதிதாகச் சொல்கிறது என்பதை முதல் இரண்டு பக்கங்களிலேயே வையுங்கள். தொழிலாளர்களோடு நேரில் உட்கார்ந்து பேசிய குறிப்புகள் இருந்தால் அவைதான் உங்கள் சொத்து, பல எம்.பி.ஏ. புராஜெக்டுகளில் அது இருப்பதே இல்லை. ஆய்வுக் கட்டுரைக்குத் தரவு போதாது என்று தோன்றினால் வகுப்பில் விவாதிக்க ஒரு நிறுவனத்தின் நிலைமையை விவரிக்கும் டீச்சிங் கேஸாக எழுதலாம், எமரால்டின் 'எமர்ஜிங் மார்க்கெட்ஸ் கேஸ் ஸ்டடீஸ்' மாதிரி இதழ்கள் இருக்கின்றன, கூடவே அதை எப்படிப் பாடமாக நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லும் டீச்சிங் நோட்டும் எழுத வேண்டும்.

எதுவானாலும், நிறுவனத்தின் பெயரையோ தகவலையோ பயன்படுத்த அனுமதிக் கடிதம் தேவைப்படும். அதை எச்.ஆர். மேலாளரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள், அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால் புதிதாக வருபவருக்கு உங்களை யாரென்றே தெரியாது.