தனியாளாகத் தொழில் செய்தவர் பெரிய நிறுவனத்தை நடத்தும் ஆளாக மாறுவது எப்படி?

கேட்டவர் சென்னையில் 8 வருடமாகத் தனியாகத் தொழில் செய்தவர். இப்போது அவரிடம் 16 பேர் இருக்கிறார்கள். "ஆள் கூடக் கூட எனக்கு வேலை குறையும்னு நினைச்சேன், கூடித்தான் போகுது" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். 2006-ல் பெரம்பூரில் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு தையல் மிஷினோடு ஆரம்பித்தேன். துணி எடுப்பது, வெட்டுவது, தைப்பது, காஜா அடிக்கக் கொண்டுபோவது, டெலிவரி, பணம் கேட்டு நடப்பது எல்லாம் நானேதான். இன்று எருக்கஞ்சேரி பக்கம் இரண்டு மாடியில் 64 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 51 பேர் பெண்கள்.

உங்களைப் போலவே நானும் 20 பேர் இருந்த காலத்தில்தான் அதிகம் அழுதேன். காரணம் புரிந்தது 2017 மே மாதம்.

எங்கள் தொழிலில் மே மாதம் என்றால் தீ. பிப்ரவரி, மார்ச்சில் ஆர்டர், ஏப்ரலில் கட்டிங், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் டெலிவரி. ஒரு நாள் தள்ளினால் பிள்ளை பழைய சட்டையோடு பள்ளிக்குப் போகும். அந்த மே மாதம் ஒரு பள்ளிக்கு 900 சாம்பல் நிறப் பேண்ட். துணி ராஜஸ்தானில் இருக்கும் பில்வாராவிலிருந்து வந்தது. தான்களில், அதாவது துணிச் சுருள்களில், இரண்டு சாய லாட் (தனித்தனியாகச் சாயம் போட்டவை, நிறம் லேசாக மாறும்) கலந்திருந்ததைக் கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டார். எனக்குப் போன் செய்தார். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளித் தாளாளர் அறைக்கு வெளியே போனை சைலண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மதியம் இரண்டு மணி வரை காத்திருந்தார். தையல்காரர்கள் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில் வேலை செய்பவர்கள், வேலை இல்லையென்றால் அன்று காசு இல்லை. கீழே சத்தம் அதிகமானதும் வெட்டிவிட்டார். அவசரத்தில், எந்தத் துண்டு துணியின் எந்த அடுக்கிலிருந்து வெட்டியது என்று காட்டும் நம்பர் ஸ்டிக்கரும் ஒட்டவில்லை, பண்டில் (வெட்டிய துண்டுகளின் கட்டு) கலந்துபோனது.

டியூப் லைட் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. ஆர்டர் கொடுத்த பள்ளியின் தாளாளர் ஒரு பேண்டை எடுத்து ஜன்னலோரம் பிடித்தார். வலது கால் சாம்பல், இடது கால் கொஞ்சம் நீலம் ஓடிய சாம்பல். அவர் ஒன்றும் பேசவில்லை, மடித்து என் கையில் கொடுத்தார். 212 பேண்ட் திரும்பி வந்தது. புதுத் துணி, நான்கு இரவு வேலை, மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் போனது.

மறுநாள் காலையில் மாஸ்டரைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "என்னைக் கேக்காம எதையும் நிறுத்தாத, எதையும் மாத்தாதன்னு நீங்கதானே அக்கா சொல்லியிருக்கீங்க" என்றார்.

துணியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். தவறு என்று தெரிந்தும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஏனென்றால் நான் கொடுக்கவில்லை. 20 பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே நான் தனியாளாகத்தான் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். கைகள் மட்டும் இருபது ஜோடி ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு செய்த முதல் வேலை, ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, ஆறு நாள் என்னிடம் வந்த ஒவ்வொரு கேள்வியையும் எழுதியது. நூல் தீர்ந்துவிட்டது வாங்கலாமா, மதியம் லீவு கேட்கிறார்கள் விடலாமா, பட்டன் இரண்டு துளையா நான்கு துளையா, டெம்போக்காரர் 200 ரூபாய் கூடக் கேட்கிறார். ஆறு நாளில் 143 கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நான் மட்டுமே பதில் சொல்ல வேண்டியவற்றைச் சிவப்பு மையில் சுழித்தேன். ஒன்பதுதான் இருந்தது.

மீதியை யார் முடிவு செய்வது, எவ்வளவு ரூபாய் வரை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நூல், பட்டன், ஊசி, வண்டிக் கூலி 5,000 ரூபாய் வரை சூப்பர்வைசர். துணியில் சந்தேகம் வந்தால் கட்டிங்கை நிறுத்துவது மாஸ்டர், என்னைக் கேட்க வேண்டாம். டெலிவரி தள்ளும் என்றால் பள்ளிக்குச் சொல்வது ஆர்டர் பார்க்கும் பெண். விலை, கடன், புதுப் பள்ளி, ஆள் எடுப்பது என்னிடம்.

தாளை ஒட்டுவது சுலபம். அடுத்த மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை. சூப்பர்வைசர் ஒருமுறை தேவைக்கு மேல் நூல் வாங்கிவிட்டார். மாஸ்டர் ஒரு நல்ல தானைச் சந்தேகப்பட்டு அரை நாள் கட்டிங்கை நிறுத்தினார். இரண்டிலும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் நஷ்டம். அந்த இடத்தில் நான் கத்தியிருந்தால் அடுத்த நாளிலிருந்து மறுபடி 143 கேள்வியும் என்னிடம்தான் வந்திருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து, என்ன பார்த்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். மாஸ்டர் சொன்ன காரணம் சரியாகவே இருந்தது.

யாரை மேலே கொண்டுவருவது என்பதில் ஒரு பெரிய தவறு செய்தேன். இருப்பதிலேயே அழகாகக் காலர் வைக்கும் பெண்ணை சூப்பர்வைசர் ஆக்கினேன். பீஸ் ரேட்டில் அவர் எடுத்துக்கொண்டிருந்த வருமானம் குறைந்தது, பக்கத்து மிஷின் தோழிகளோடு பேச்சு நின்றது, எனக்கும் நல்ல தையல்காரர் போனார். நான்கு மாதத்தில் அவரே வந்து, "என்னை மிஷின்லயே உட்கார வைங்கக்கா" என்றார். அந்த இடத்தில் இன்று இருப்பவர் சுமாராகத்தான் தைப்பார். ஆனால் யார் இன்று வரவில்லை, யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த பண்டில் எந்த மிஷினில் நிற்கிறது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார். இப்படிப்பட்டவர் உங்களிடமும் இருப்பார், தேடிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனியாளாக இருந்தபோது மூன்று லட்சத்துக்குத் துணி வாங்கினால் போதும். ஆர்டர் பெருகியதும் மார்ச்சிலேயே அறுபது லட்சம் துணியில் முடங்கும், பள்ளிகள் பணம் தருவது ஜூலை, ஆகஸ்டில். லாபம் இருக்கும், கையில் காசு இருக்காது. இரண்டு வருடம் நகையை வைத்து ஓட்டினேன். அது தேவையே இல்லை. சிறு தொழில்களுக்குச் சொத்து அடமானம் இல்லாமல் கடன் கிடைக்க சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டம் 2000-லிருந்தே இருக்கிறது. வங்கியில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, உங்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகை வைத்து அதை மட்டும் எடுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் இருக்கும்வரை கணக்குப் பார்க்க வேறு ஆளை உட்கார வைக்க முடியாது.

நீங்கள் 16 பேர் என்கிறீர்கள். 10 பேர் ஆனதுமே, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு வேண்டும். பெண்கள் பாலியல் புகார் சொல்ல உள்ளகக் குழுவும் அப்போதே அமைத்திருக்க வேண்டும். 20 பேர் ஆனால் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. பிஎஃப் பிடிக்க ஆரம்பித்தபோது எங்கள் தையல்காரர்களே சண்டைக்கு வந்தார்கள், கைக்கு வருகிற காசு குறைகிறதே என்று. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அதிலிருந்து பணம் எடுத்த பிறகுதான் அமைதியானார்கள். 50 பேர் ஆனதும் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். மேல் மாடியில் ஒரு அறையை ஒதுக்கினோம். பிள்ளை பெற்றதும் வேலையை விட்டுப்போன நான்கு பேர் அதனால் திரும்பி வந்தார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இரண்டு சீசன், ஒரு சட்டைகூட ஆர்டர் இல்லை. நான் படுத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆர்டர் பார்க்கும் பெண்தான் தானாகவே ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் செய்து, நர்சுகளுக்கும் ஊழியர்களுக்கும் உடை தைக்கும் வேலையைப் பிடித்துவந்தார். நம்மால் முடியுமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை, மாஸ்டரைக் கேட்டிருக்கிறார். இன்று எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த வேலைதான்.

எல்லோரும் நிர்வாகியாக மாறித்தான் ஆக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சிப் பக்கம் தலைமை விஞ்ஞானியாகப் போனார். உங்களுக்கு உங்கள் கைவேலைதான் உயிர் என்றால் நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுங்கள். இரண்டையும் நானே பிடித்துக்கொண்டிருப்பேன் என்றால்தான் நடக்காது.

இந்த ஏப்ரலில் சனிக்கிழமைக் கூட்டத்தில் மாஸ்டர் பேச்சோடு பேச்சாக, 14 தான் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்த்திருக்கிறார், லாட் வேறாக இருந்திருக்கிறது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "செவ்வாக்கிழமையே வேற தான் வந்துடுச்சிக்கா, கட்டிங்கும் முடிஞ்சிது" என்றார்.

அந்த நோட்டை இந்தத் திங்கட்கிழமையே வாங்கிவிடுங்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளையும் சேர்த்து எழுதுங்கள், நான் முதல் இரண்டு நாள் அவற்றை விட்டுவிட்டேன்.