கட்டைப் பிரித்தால்தான் கழித்தல் வரும்

தொடக்கப் பள்ளிக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் பொருள்களைக் கையில் எடுத்துக் கணக்குச் செய்யும் ‘கணக்கு மூலை’கள் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில.

ஒன்றாம் வகுப்பு, 30 குழந்தைகள். ஆறு மூலைகள் அமைத்தேன். 40 நிமிடப் பாடவேளையில் பாதி, இடம் மாறுவதிலும் ‘டீச்சர், இங்கே என்ன செய்யணும்?’ என்று வந்து நிற்பதிலுமே போய்விடுகிறது. – ஆசிரியை, மன்னார்குடி

ஆறு வேண்டாம். இரண்டு செயல்பாடும் உங்கள் மேசையும் போதும். ஆறு ஆறு பேராக ஐந்து குழு பிரியுங்கள். இரண்டு குழுவுக்கு ஒரு செயல்பாடு, இன்னும் இரண்டு குழுவுக்கு மற்றொன்று, மீதிக் குழு உங்களோடு. ஒரு பாடவேளையில் இரண்டே சுற்று, சுற்றுக்கு 15 நிமிடம். மிச்சமுள்ள 10 நிமிடம் தொடங்கவும் இடம் மாறவும் எடுத்துவைக்கவும் சரியாக இருக்கும். வாரத்துக்குப் பத்துச் சுற்று வருகிறது. முறை வைத்தால் ஒவ்வொரு குழுவும் வாரம் இருமுறை உங்கள் மேசைக்கு வந்துவிடும். சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். மற்ற நான்கு குழுவும் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

‘என்ன செய்யணும்?’ என்ற கேள்விக்குக் காரணம் வேறு. புதிய பாடத்தை மூலையில் அறிமுகப்படுத்தினால் அந்த வரிசை நிற்கத்தான் செய்யும். எந்தச் செயல்பாடாக இருந்தாலும் முதலில் இரண்டு நாள் முழு வகுப்போடு தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்யுங்கள். எல்லாருக்கும் பழகிய பிறகே அது மூலைக்குப் போகலாம். போனபின் மூன்று, நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். பொருளையும் விதியையும் மாற்றாதீர்கள், எண்களை மட்டும் மாற்றுங்கள். வாராவாரம் புது விளையாட்டு தேடுவது ஆசிரியருக்கும் சுமை, குழந்தைக்கும் பயனில்லை.

பொருள்கள் வாங்கப் பணம் இல்லை. எதையெல்லாம் சேர்க்கலாம்? – இடைநிலை ஆசிரியர், அரூர்

மூன்று பொருள்களை நன்றாகச் சேர்த்தால் ஓராண்டு ஓடும்.

முதலாவது, எண்ணுவதற்கான மணிகள். புளியங்கொட்டை நல்லது. சதை ஒட்டியிருந்தால் எறும்பு வரும், ஆகவே கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அங்கன்வாடி வயதுக் குழந்தைகளும் கூட உட்காரும் இடத்தில் கொட்டை வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அங்கே தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். ஓடு உடைந்த மணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே.

இரண்டாவது, பத்துச் சட்டகம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். சத்துணவுக்கு முட்டை வரும் 30 குழி அட்டைத் தட்டு ஆறு வரிசையும் ஐந்து குழியுமாக இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் ஒரு தட்டில் மூன்று சட்டகம். முட்டை உடைந்து கறை பட்ட தட்டு வேண்டாம், அதைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. நல்ல தட்டு கிடைக்காவிட்டால் அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குச்சி. ஈர்க்குச்சி கைக்கு வழுக்கும், முனை கண்ணில் குத்தும். ஐஸ் குச்சி மேல். இரண்டு பேர் சேர்ந்து செய்ய, பத்துப் பத்தாகக் கட்டிய 9 கட்டும் 20 உதிரியும், அதாவது 110 குச்சி தேவை. ஆறு பேர் குழுவில் மூன்று ஜோடி என்றால் 330. கட்டுவதற்குச் சாதாரண ரப்பர் பேண்டு சரிவராது: வெயிலில் பிசுபிசுத்து அறுந்துவிடும், ஆறு வயது விரலுக்கு மாட்டவும் வராது. தலைமுடிக்குப் போடும் துணி சுற்றிய பேண்டு வையுங்கள்.

என் மகன் 100 வரை கடகடவென்று சொல்கிறான். ‘எட்டு புளியங்கொட்டை கொடு’ என்றால் கை நிறைய அள்ளித் தருகிறான். – தாய், பெருந்துறை

எண்ணின் பெயர்களைப் பாட்டுப்போல ஒப்பிப்பது ஒரு திறன், எண்ணுவது வேறொரு திறன். உங்கள் மகனுக்கு முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது வர இரண்டு விஷயம் பிடிபட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். கடைசியாகச் சொன்ன பெயர் அந்தக் கடைசிக் கொட்டையின் பெயர் அல்ல, எல்லாவற்றின் அளவு.

சோதித்துப் பாருங்கள். ஏழு கொட்டையை எண்ணச் சொல்லி, முடித்ததும் ‘ஆக எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இரண்டாவது விஷயம் இன்னும் வரவில்லை. விரலால் தொட்டு எண்ணும்போது வாய் முந்தும், கை பிந்தும். அதனால் தொடுவதை விட்டு நகர்த்தச் சொல்லுங்கள்: ஒரு பெயர் சொன்னால் ஒரு கொட்டை ஒரு குழிக்குள். பல்லாங்குழி ஆடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போட்டே இந்தப் பழக்கம் வந்துவிடும். ஐந்துக்குள் தடுமாற்றம் இல்லாத பிறகு பத்துக்குப் போங்கள். அதுவரை நூறை மறந்துவிடலாம்.

இரண்டாம் வகுப்பில் 43 − 17 போடச் சொன்னால் பலர் 34 என்கிறார்கள். மூலையில் குச்சி வைத்துச் செய்தபோது சரியாக வந்தது. நோட்டில் மறுபடியும் 34. குச்சியால் என்ன பயன்? – ஆசிரியர், செய்யாறு

34 கவனக்குறைவால் வருவதில்லை. 3இல் 7 போகாது, ஆகவே 7இல் 3ஐக் கழித்து 4. பிறகு 4இல் 1 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததையே குழந்தை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் செய்கிறது. நாற்பத்து மூன்று என்ற முழு எண் அதன் கண்ணில் இல்லை.

முதலில் குச்சியை எப்படிப் பரப்புகிறார்கள் என்று பாருங்கள். பல வகுப்புகளில் கூட்டலுக்குச் செய்வதுபோல 43ஐயும் வைத்து, பக்கத்தில் 17ஐயும் வைக்கிறார்கள். பிறகு எதை எங்கிருந்து எடுப்பது? கழித்தலில் தரையில் 43 மட்டுமே இருக்க வேண்டும். 17 அட்டையில் எழுதியிருக்கும், எடுக்க வேண்டிய குச்சிகள் அந்த 43க்குள்ளேயே இருக்கின்றன.

அடுத்த தவறு, குச்சி வேலையை முழுக்க முடித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் எழுதுவது. அப்படிச் செய்தால் குச்சிக் கணக்கும் நோட்டுக் கணக்கும் குழந்தைக்கு இரண்டு தனி வேலைகள். கை ஒருமுறை அசைந்தால் பென்சிலும் ஒருமுறை அசைய வேண்டும். ஜோடியில் ஒருவர் குச்சிக்காரர், மற்றவர் எழுதுபவர்.

குச்சிக்காரர் 4 கட்டும் 3 உதிரியும் வைக்கிறார். எழுதுபவர் 43ஐ எழுதி, கீழே 17ஐ எழுதுகிறார். உதிரியில் 7 எடுக்க முடியுமா? முடியாது. ஒரு கட்டைப் பிரித்து உதிரிகளோடு கலக்கிறார். இங்கே நிறுத்துங்கள். எழுதுபவர் 4ஐ அடித்து 3 என்றும், 3ஐ அடித்து 13 என்றும் எழுதட்டும். இப்போது கேளுங்கள்: ‘தரையில் மொத்தம் எத்தனை குச்சி?’

முழுப் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எண்ணாமல் ‘43தான்’ என்று சொல்லும் குழந்தைக்கு இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது, புரிந்துவிட்டது. மறுபடி எண்ணத் தொடங்கும் குழந்தை, கட்டைப் பிரித்ததால் ஏதோ கூடியது அல்லது குறைந்தது என்று நினைக்கிறது. அக்குழந்தையை அடுத்த படிக்கு அழைத்துப் போகாதீர்கள். கழித்தலே இல்லாமல், 43ஐ 4 கட்டு 3 உதிரியாகவும், 3 கட்டு 13 உதிரியாகவும், 2 கட்டு 23 உதிரியாகவும் மாற்றி மாற்றி வைக்கும் வேலையை இரண்டு நாள் கொடுங்கள். ‘கடன் வாங்கு’ என்ற பேச்சையும் தள்ளிவைக்கலாம். திருப்பிக் கொடுக்காத கடன் குழந்தைக்குக் குழப்பம். ‘கட்டைப் பிரி’ என்றால் நடப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

பிறகு 13இல் 7 எடுத்தால் 6, எழுதுக. 3 கட்டில் 1 எடுத்தால் 2, எழுதுக. 26. எடுத்த 17ஐத் திரும்ப வைத்துக் கட்டினால் 43 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆளை மாற்றுங்கள்.

நேராகக் குச்சியிலிருந்து எண்ணுக்குத் தாவக் கூடாது. நடுவில் படம் வேண்டும்: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி போடுவதுதான் கட்டைப் பிரிப்பது. (பொருள், படம், குறியீடு என்ற வரிசையை 1960களில் ஜெரோம் ப்ரூனர் என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார்.) அதற்குப் பிறகு குச்சியைத் துணியால் மூடிவிட்டு, ‘உள்ளே என்ன செய்வாய், சொல்’ என்று கேளுங்கள். வாயால் சொல்ல வந்தபின் வெறும் எண் போதும்.

கணக்குகளின் வரிசையும் முக்கியம். 43 − 17, 52 − 28 என்று பிரிக்க வேண்டியவையாகவே கொடுத்தால், 47 − 13க்கும் கட்டைப் பிரிப்பார்கள். இரண்டாம் நாளே கலந்து கொடுங்கள். செய்வதற்கு முன் ‘பிரிக்கணுமா, வேண்டாமா?’ என்று முடிவு சொல்ல வேண்டும். 60 − 27 போலப் பூச்சியம் வருபவை கடைசியில்.

பள்ளியில் மணிச்சட்டம் இருக்கும்போது குச்சி எதற்கு? – தலைமை ஆசிரியர், சங்ககிரி

மணிச்சட்டத்தில் பத்தின் மணியும் ஒன்றின் மணியும் பார்க்க ஒரே மாதிரி. எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பத்தைக் கையால் கட்டிப் பார்க்காத குழந்தைக்குப் பத்துக் கம்பியின் ஒரு மணி ஒன்றுதான். அதனால் முதலில் பிரிக்கக்கூடிய குச்சிக்கட்டு. அடுத்து டீனஸ் கட்டைகள், அதாவது ஒன்று, பத்து, நூறு என்ற அளவுகளில் செய்த கட்டைகள். அதில் பத்தைக் குறிக்கும் துண்டைப் பிரிக்க முடியாது, பத்து ஒன்றுகளுக்கு மாற்றித்தான் வாங்க வேண்டும். மணிச்சட்டம் மூன்றாவது. தயாரா என்று அறிய ஒரு வழி: 24 என்று எழுதி, 24 குச்சியை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். எழுதிய எண்ணில் 2ஐ வட்டமிட்டு, ‘இதற்கு எத்தனை குச்சி?’ என்று கேளுங்கள். இரண்டு குச்சியைக் காட்டினால் மணிச்சட்டம் இன்னும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

குச்சியைக் கொடுத்தால் வீடு கட்டுகிறார்கள், கொட்டையை எறிகிறார்கள். – ஆசிரியை, வந்தவாசி

வீடு கட்டட்டும். புதிய பொருளைக் கையில் வாங்கிய குழந்தை முதலில் அதை ஆராயும். முதல் இரண்டு நாள் பத்து நிமிடம் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் ஆசை அடங்கும். ஜோடிக்கு ஒரு தட்டு கொடுங்கள். பொருள் தட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்பது ஒரே விதி. எறிந்தால் திட்ட வேண்டாம், அன்று அந்தக் குழந்தைக்கு எண் அட்டையும் பென்சிலும். மறுநாள் பொருள் திரும்பக் கிடைக்கும். டப்பா மூடியின் உள்பக்கம் 20 புள்ளி வரைந்துவையுங்கள். எடுத்துவைக்கும்போது புள்ளிக்கு ஒரு கொட்டை. குறைந்தால் அவர்களே தேடுவார்கள், எண்ணும் பயிற்சியும் ஆயிற்று.

மூன்று வகுப்பும் ஒரே அறை, 22 பேர், நான் ஒருவர் மட்டும். – ஆசிரியர், ஏற்காடு

வகுப்பை மறந்து நிலையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு உங்களுக்கு உதவும். பொருளை மூன்று விதமாகச் சேர்க்க வேண்டாம். ஒரே குச்சிப் பெட்டி, மூன்று நிற அட்டை. உதாரணமாக, ஒரு நிறம்: ‘17 குச்சி எடுத்துப் பத்தாகக் கட்டு’. அடுத்தது: ‘34உடன் 25 சேர்’. மூன்றாவது: ‘43இல் 17 எடு’.

பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்குத் துணையாக உட்காரவைத்தால் அவர்களே செய்து முடித்துவிடுவார்கள். துணைக்கு வந்தவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், வாயால் மட்டும் சொல்லலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் சோதித்து நிலையை மாற்றுங்கள். ஜூனில் போட்ட குழு மார்ச் வரை அப்படியே கிடந்தால், பின்தங்கிய குழந்தைக்கு அதுவே முத்திரையாகிவிடும்.

என் மகளின் கணக்கு நோட்டு காலியாக இருக்கிறது. கேட்டால் ‘தாயம் விளையாடினோம்’ என்கிறாள். பள்ளியில் பாடம் நடக்கிறதா? – தந்தை, தாம்பரம்

கவலை நியாயமானது. விளையாட்டோடு நின்றால் அது பாடம் ஆகாது. ‘அரைப் பக்கமாவது பதிவு இருக்கிறதா?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள்: வரைந்த சட்டகம், பக்கத்தில் 6 + 4 = 10 என்ற எழுத்து, இவ்வளவு போதும். மற்றபடி, பொருளைத் தொட்டுக் கற்பது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒன்று, பத்து, நூறு, ஆயிரத்தை மணிகளால் காட்டும் முறை அவருடையது.

தாயக்கட்டை ஒன்றாம் வகுப்புக்கு நல்ல கருவி. முகங்களில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டையையும் உருட்டினால் கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை. அத்தனை கொட்டையைப் பத்துச் சட்டகத்தில் வைத்து, ‘பத்தாக இன்னும் எத்தனை?’ என்று சொல்ல வேண்டும். வீட்டிலும் ஆடலாம். ஆனால் தாய ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. கணக்கு மூலையில் அது பூச்சியம். எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்று உருட்டுவதற்கு முன்பே மகளிடம் பேசிக்கொள்ளுங்கள்.