பழைய நினைவு வந்தால் என்னை மறந்துவிடுவாரா?

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் கிருஷ்ணகிரி பைபாஸில் பைக் விபத்து. என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. என்னையும் மாமியாரையும் தெரிகிறது. இரண்டு வயது மகள் பிறந்தது மட்டும் நினைவில் இல்லை. "இந்தப் பாப்பா யாரு?" என்கிறார். நேற்று தின்ற களியை இன்று சொல்கிறார். நர்சரியில் மாங்கன்றுக்கு ஒட்டு கட்டுகிறார். போன வாரம் டிவியில் 'மூன்றாம் பிறை' பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பழைய நினைவு திரும்பினால் இந்த ஏழு மாதம் மறந்துபோகுமா? விபத்து நடந்த இடத்துக்குக் கூட்டிப்போய் அதிர்ச்சி கொடுக்கலாம் என்கிறார் பெரியப்பா.
– வாசகி, சந்தூர்

பதில்: பெரியப்பா சொல்வதைச் செய்யவே வேண்டாம், தங்கச்சி. அடிபட்ட மூளைக்கு அதிர்ச்சி மருந்தாகாது. தலையில் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து.

1982-ல் வந்த அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில், கேத்தி ரயில் நிலையத்தில், பழைய நினைவு திரும்பித் தன்னை மறந்துபோன பெண்ணுக்குச் சீனு (கமல்ஹாசன்) ஆடிக் காட்டுவதைப் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் பழைய நினைவு வந்ததும் இடைப்பட்ட நாட்கள் மொத்தமாகத் துடைக்கப்படுவது அந்தக் கதைக்காக வைத்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்காது.

தலையில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் விபத்துக்கு நெருங்கிய காலம்தான் அழியும், பழையது தங்கும். கல்யாணம் நினைவிருந்து பாப்பா நினைவில் இல்லாதது அதனால்தான். போனதிலும் முந்தைய காலத்து நினைவு முதலில், கொஞ்சம் கொஞ்சமாக வரும். விபத்து நடந்த நேரமும், ஆஸ்பத்திரியில் தெளிவில்லாமல் கிடந்த நாட்களும் வராமலே போகலாம். அதை எண்ணி அழாதீர்கள். நேற்றைய களியை இன்று சொல்கிறாரே, புது நினைவு தங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பழையது வந்தால் இது போய்விடாது.

ஒட்டு கட்டுவதைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொட்டைச் செடியின் தண்டைப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகி, நாடாவால் இறுக்கிச் சுற்றுகிற கைப்பழக்கத்தை மூளை வேறு வழியில் சேமிக்கிறது. 1953-ல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் புதிதாக எதுவும் நினைவில் தங்காமல் போன ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழகினார். பழகிய நினைவே இல்லாமல் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. உங்கள் கணவர் அவரைவிட எவ்வளவோ நல்ல நிலையில் இருக்கிறார். கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் ஆல்பத்தை விரித்து "இது யாரு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்க வேண்டாம். தெரியாதபோது அவர் கூனிக்குறுகிப் போவார். நீங்களே சொல்லுங்கள்: "இது நம்ம பாப்பா. பேர் வச்ச அன்னைக்கு நீங்க இந்தச் சட்டைதான் போட்டிருந்தீங்க." நாளைக்கும் சலிக்காமல் சொல்லுங்கள். சாயங்காலம் அவளுக்குச் சோறூட்டும் வேலையை அவரிடமே விடுங்கள்.

மனநலத்துக்கும் மூளை, நரம்பு நோய்களுக்குமான பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. நினைவாற்றல் பரிசோதனையும் அதற்கான பயிற்சியும் அங்கே உண்டு. ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். அவர் மதுவைத் தொடக் கூடாது. தலைவலி கூடினாலோ, வாந்தி, வலிப்பு, தூங்கி வழிவது என்று எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.