கேள்வி – பதில்: எதிர்காலத்துக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

கே: இருபது வருஷம் கழித்து நான் எப்படி இருப்பேன் என்று போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?

ப: பார்க்கவும் முடியாது, வரவும் முடியாது. எதிர்காலத்துக்குப் போவதை இயற்பியல் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் கிளம்பிவிட்டால் இடைப்பட்ட இருபது வருஷமும் இங்கே நீங்கள் இல்லை. அந்த வருஷங்களை வாழ்ந்து, நரைத்து, உங்களை வரவேற்கக் காத்திருக்கும் இன்னொரு 'நீங்கள்' எங்கிருந்து வருவார்? போய் இறங்கினால் பார்க்கக் கிடைப்பது நண்பர்களின் முதுமை, பிள்ளைகளின் நடுவயது, உங்கள் நாற்காலியில் வேறொருவர். ஆகவே போவது மற்றவர்களின் எதிர்காலத்துக்குத்தான். சொந்த எதிர்காலத்துக்கு, நாளொன்றுக்கு ஒரு நாள் வீதம் நகரும் பழைய வண்டி ஒன்றே ஒன்று.

இதனால் ஆயுள் கூடுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. உங்கள் கைக்கடிகாரப்படி 80 வருஷம் என்றால் 80 வருஷம்தான். அதை எந்த நூற்றாண்டில் செலவழிப்பது என்பது மட்டுமே மாறும்.

கே: வேகமாகப் பயணம் செய்தால் வயது மெதுவாகக் கூடும் என்கிறார்களே, அப்படி இதுவரை யாராவது போயிருக்கிறார்களா?

ப: போயிருக்கிறார்கள். ரஷ்ய விண்வெளி வீரர் ஒலெக் கொனோனென்கோ ஐந்து பயணங்களில் மொத்தம் 1,100 நாளுக்கு மேல் பூமியைச் சுற்றியிருக்கிறார். விநாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகம். அவர் எதிர்காலத்துக்குள் தாண்டிய தூரம் சுமார் 0.03 விநாடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

1971-இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கே போன கடிகாரங்கள் தரையில் இருந்தவற்றைவிட 59 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின. மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிழக்கே பறப்பவருக்கு வேகம் கூடுகிறது, மேற்கே பறப்பவருக்குக் குறைகிறது. அதோடு உயரத்தில் ஈர்ப்பு தளர்வதால் கடிகாரம் சற்று விரைவாக ஓடும். இரண்டும் சேர்ந்த கணக்கு இது. எதிர்காலத்துக்குப் போக ஆசைப்படுகிறவர் கிழக்கு நோக்கிய விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

கே: உருப்படியாக ஒரு வருஷமாவது தாண்ட எவ்வளவு வேகம் வேண்டும்?

ப: நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்று எழுதுங்கள். அதை அதாலேயே பெருக்கி, 1-இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுங்கள். வருவதுதான் மடங்கு: வண்டியில் ஒரு வருஷம் போனால் பூமியில் எத்தனை வருஷம் என்பது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 1.005: வண்டியில் ஒரு வருஷம் இருந்தால் லாபம் இரண்டு நாளுக்கும் குறைவு. பாதி என்றால் 1.15. 87 சதவீதத்தில் இரண்டு மடங்கு, 99-இல் ஏழு, 99.99-இல் எழுபது. 87 சதவீதம் வரை ஏறியும் இரண்டு மடங்குதான் என்பதைக் கவனியுங்கள். விளைச்சல் எல்லாம் கடைசிச் சில சதவீதத்தில் இருக்கிறது, செலவும் அங்கேதான்.

கே: அந்த வேகத்தை உடம்பு தாங்குமா?

ப: வேகம் உடம்புக்குத் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் போனால் நிற்பது, நடப்பது, சமைப்பது எல்லாம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். பயணத்தை நான்கு சம பங்காகப் பிரியுங்கள்: முதல் பங்கில் முடுக்கம், இரண்டாவதில் அதே அளவு தடுப்பு, பிறகு திரும்பும் திசையில் முடுக்கம், கடைசியில் தடுப்பு. வண்டியில் நான்கு வருஷம் கழித்து இறங்கினால் பூமியில் 4¾ வருஷம் ஆகியிருக்கும். பத்து வருஷத்துக்கு 25. இருபதுக்கு 338. நாற்பதுக்கு ஏறத்தாழ 59,000. வட்டிக்கு வட்டி போல ஏறும் கணக்கு. ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கும்.

கே: புராணத்தில் மகள் ரேவதிக்கு வரன் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு போன ககுத்மி, பிரம்மலோகத்தில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் 27 சதுர்யுகம் கடந்துவிட்டது என்ற கதை?

ப: கதையைக் கதையாக வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு சதுர்யுகம் 43.2 லட்சம் வருஷம். 27 என்றால் 11.66 கோடி. மேலே சொன்ன முடுக்கத்தில் அவ்வளவு தூரம் தாண்ட வண்டிக்குள் சுமார் 69 வருஷம் போதும். கச்சேரி கொஞ்சம் நீளம். பெண் எடுக்க வருகிறவர் பாட்டி வயதில் ஒருவரைப் பார்ப்பார்.

கே: அப்படியானால் தடை எது? எஞ்சின்தானா?

ப: எரிசக்தி. 87 சதவீத வேகத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் இயக்க ஆற்றல் 9-க்குப் பின்னால் 16 சைபர் போட்ட ஜூல். பத்து டன் வண்டி ஒன்றை ஒரு தடவை அந்த வேகத்துக்குத் தள்ள, உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் செலவிடும் ஆற்றலைவிட அதிகம் வேண்டும். அப்புறம் நிறுத்தவும், திரும்பவும், மறுபடி நிறுத்தவும் வேண்டும். எரிபொருளைக் கூடவே சுமந்தால் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும் என்பதால் கணக்கு கைமீறிவிடும்.

அடுத்தது தூசி. அதே வேகத்தில் ஒரு மில்லிகிராம் துகள் மோதினால் சுமார் 21 டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். தூசியே இல்லாவிட்டாலும் விண்வெளியில் சிதறிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் வண்டியின் முகப்பில் கதிர்வீச்சாகப் பாயும். முடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கே: ஈர்ப்பு கூடினால் நேரம் மெதுவாகுமே, கருந்துளை அருகில் போய் உட்கார்ந்துகொண்டால் எரிபொருள் மிச்சம்தானே?

ப: உட்காரத்தான் முடியாது. நம் விண்மீன் மண்டலத்தின் நடுவில் சுமார் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அது சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால், நேரம் பாதியாகக் குறையும் உயரத்தில் விழாமல் நிற்க, பூமி ஈர்ப்பைப் போல நான்கு லட்சம் மடங்குக்கு மேல் உந்த வேண்டும். நீங்கள் ஒரு கறையாக மிஞ்சுவீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுச் சுற்றி வந்தால் எடையே தெரியாது. ஆனால் நிலையான சுற்றுப்பாதை, நிகழ்வு எல்லையைப் (தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) போல மூன்று மடங்கு ஆரத்தோடு முடிகிறது. அங்கே கிடைப்பது 1.41 மடங்கு மட்டுமே. வேகமாகச் சுழலும் கருந்துளையில் இன்னும் உள்ளே போகலாம், மடங்கும் கூடும். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒளிக்கே 26,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கே: உடலை உறைய வைத்துக்கொள்வது?

ப: சிறியவர்கள் இப்படிப் பயணம் செய்துவிட்டார்கள். மிக மிகச் சிறியவர்கள். 1992-இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. முப்பது வருஷத்தைத் தாண்டி வந்தவர்கள் என்று அவர்களைத் தாராளமாகச் சொல்லலாம். சில செல்களே உள்ள கருவுக்குள் குளிர் சமமாகப் பரவும், உறைதடுப்பு மருந்தும் நொடியில் ஊறும்.

முழு உடம்பில் இரண்டும் நடக்காது. செல்களுக்குள் நீர் பனிக்கட்டியானால் அதன் முனைகள் சவ்வைக் கிழிக்கும். பனி உருவாகாமல் கண்ணாடி போல இறுக வைக்கச் செறிவான மருந்து வேண்டும், அந்தச் செறிவே நஞ்சு. தப்பித்தாலும் வெப்பமேற்றும்போது மாட்டிக்கொள்வோம்: மெதுவாக ஏற்றினால் வழியிலேயே பனி உருவாகும், சமமில்லாமல் ஏற்றினால் கண்ணாடி விரிசல் விடும். 2023-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் எலியின் சிறுநீரகங்களை 100 நாள் வரை வைத்திருந்து, ரத்தக் குழாய்களில் செலுத்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப் புலத்தால் சூடாக்கி மீட்டார்கள். எலிகளுக்குப் பொருத்தியபோது வேலை செய்தன. எலியின் சிறுநீரகம் எவ்வளவு பெரியது என்பதை நினைவில் வையுங்கள். மனித உடல்கள் 1967 முதல் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் காத்திருக்கின்றன. அவை எல்லாம் இறந்த பிறகு உறைய வைத்தவை. ஒருவரும் திரும்பவில்லை.

இதிலும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்தக் குளிரில் வேதிவினைகள் நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது. இயற்கையாக ஒருவர் மேல் விழுவது வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு சீவர்ட்). உயிரோடு இருக்கும்போது செல்கள் சேதத்தைச் சரிசெய்துவிடும், உறைந்தால் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஒரே தடவையில் 4 முதல் 5 சீவர்ட் என்பது பாதிப் பேரைக் கொல்லும் அளவு. ஆக, சுமார் 2,000 வருஷம். ஈயச் சுவர் கட்டினால் நீட்டலாம். உடம்புக்குள்ளேயே இருந்து கதிர்வீசும் பொட்டாசியத்துக்குச் சுவர் கட்ட முடியாது.

கே: எல்லாம் கைகூடினால் எத்தனை வருஷம் போகச் சொல்வீர்கள்?

ப: முப்பதுக்குள். உங்களை அடையாளம் சொல்ல யாராவது உயிரோடு இருப்பார்கள், கையெழுத்து இன்னும் செல்லும், பேச்சு புரியும். நூறு தாண்டினால் தொழில் கையைவிட்டுப் போகும். ஆயிரம் தாண்டினால் பேசுவதற்கே உரையாசிரியர் தேவைப்படலாம். அந்தக் காலத்துக் கிருமிகளுக்கு உங்கள் உடம்பு புதிது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: செலவே இல்லாமல் கொஞ்சம் போக வழி?

ப: கீழ்த்தளத்தில் குடியிருங்கள். ஈர்ப்பு அங்கே ஒரு துளி கூடுதல். 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கே நேரம் மாறுவதை 2010-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். மேல் மாடிக்காரரைவிட, மூன்று மீட்டருக்கு, எண்பது வருஷத்தில், ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக மூப்பு மிச்சமாகும். மாடிப்படி ஏற வேண்டாம் என்பது தனி.