99-க்கு ஏன் IC வராது? ரோமன் எண்கள்: கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 99-க்கு IC என்று எழுதியிருக்கிறாள். "நூறில் ஒன்று போனால் தொண்ணூற்றொன்பதுதானே அம்மா?" என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் அவளைத் தட்டிக்கொடுங்கள். ரோமன் எண்ணில் I 1, V 5, X 10, L 50, C 100, D 500, M 1000. சின்ன எண் முன்னால் வந்தால் கழிக்க வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விட்டுப்போனது ஒன்றுதான். எண்ணை மொத்தமாக எடுக்கக் கூடாது. இடமதிப்புப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். 99 என்றால் 90, அப்புறம் 9. 90-க்கு XC, 9-க்கு IX. சேர்த்தால் XCIX.

கழிப்பதற்கு ஆறே ஜோடிகள்தான்: IV, IX, XL, XC, CD, CM. V, L, D மூன்றும் எதன் முன்னாலும் நின்று கழியாது. 45-ஐ VL என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர்; XLV என்பதே சரி.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். மேலே ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று எழுதட்டும். 1947-ஐக் கொடுங்கள். ஆயிரத்தில் M, நூறில் CM, பத்தில் XL, ஒன்றில் VII. கோடுகளை அழித்துவிட்டு ஒரே மூச்சில் படித்தால் MCMXLVII. என் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கட்டம் கைக்குப் பழகிவிட்டால் IC தானாகவே போய்விடும்.

கேள்வி: தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் 4 மணிக்கு IIII என்று போட்டிருக்கிறது. தப்பாகச் செய்துவிட்டார்களா?

பதில்: தப்பே இல்லை. ரோமானியர்களே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ரோம் நகரத்துக் கொலோசியத்தில் வாசல்களுக்கு மேலே எண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே 44-ஆம் வாசலின் எண் XLIIII. கவனித்தீர்களா? 40-ஐக் கழித்து எழுதியவர்கள், பக்கத்திலேயே 4-ஐக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு வழக்கமும்! பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கிற கறாரான விதிகள் எல்லாம் பிற்பாடு நிலைத்தவை. கடிகாரம் செய்பவர்கள் பழைய IIII-ஐ விடாமல் வைத்துக்கொண்டார்கள். எதிரே இருக்கும் கனமான VIII-க்கு அது ஈடாக நிற்கிறது என்று காரணம் சொல்வோர் உண்டு. ஆனால் லண்டன் பிக் பென் கடிகாரத்தில் IV-தான்.

கேள்வி: மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் MCMXI என்று பார்த்தேன். எப்படிப் படிப்பது?

பதில்: இடமிருந்து வாருங்கள். M ஆயிரம். அடுத்து C; அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய M நிற்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்து 900. மிச்சம் XI, 11. ஆக 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் அந்த வருடம் டிசம்பர் 2-ஆம் தேதி அங்கே வந்து இறங்கினார்கள். கட்டடம் திறக்கப்பட்டது 1924-இல். கல்லில் இருப்பது அவர்கள் வந்த வருடம். டெல்லி இந்தியா கேட்டுக்குப் போனால் MCMXIV, MCMXIX இரண்டையும் தேடிப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணத் தேதி 08.09.2024. மோதிரத்தில் ரோமன் எண்ணில் பொறிக்க ஆசை. பூஜ்யத்துக்கு என்ன போடுவது?

பதில்: ரோமன் எண்ணில் பூஜ்யத்துக்குக் குறியே கிடையாது. காலி இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான். 8 VIII, 9 IX, 2024-க்கு MMXXIV. நடுவில் புள்ளி வையுங்கள்: VIII·IX·MMXXIV. புள்ளி இல்லாவிட்டால் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு படிக்கவே முடியாது. நகைக்கடையில் வாயால் சொல்லாதீர்கள், பெரிதாக எழுதிக் கொடுங்கள். தங்கத்தில் ஒரு I கூடிவிட்டால் அழிப்பது சிரமம்.

கேள்வி: எக்செல்லில் ரோமன் ஃபார்முலா போட்டேன். 4000 கொடுத்தால் பிழை காட்டுகிறது.

பதில்: 3999-தான் எல்லை, MMMCMXCIX. வழக்கமான விதிப்படி M மூன்று தடவைக்கு மேல் வராது. அதற்கு மேலே போக, எழுத்தின் தலையில் கோடு போட்டு ஆயிரம் மடங்காக்குவார்கள். V-க்கு மேல் கோடு என்றால் 5000. எக்செல்லின் ஃபார்முலா அந்தக் கோட்டைப் போடாது.

கேள்வி: நம் தமிழ் எண்களிலும் ௰, ௱, ௲ இருக்கின்றனவே. இரண்டும் ஒரே முறைதானா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறி இருப்பதில் ஒற்றுமை உண்டு. ஆனால் ரோமன் முறை குறிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கும். தமிழ் முறை பெருக்கும். 300-க்கு அங்கே CCC, இங்கே ௩௱. 888-ஐ எழுதிப் பாருங்கள். ரோமனில் DCCCLXXXVIII, பன்னிரண்டு எழுத்து. தமிழில் ௮௱௮௰௮, ஐந்தே குறி. எட்டு நூறு, எட்டு பத்து, எட்டு. வாயால் சொல்கிற வரிசை அப்படியே எழுத்தில் வந்துவிடுகிறது. கழித்தல் என்ற பேச்சே இல்லை. முன்னால் ஒன்று வந்தால் மட்டும் ௧ போட வேண்டாம். நூறு என்றால் வெறும் ௱ போதும். மேலே கட்டம் போட்டுப் பார்த்த 1947, தமிழில் ௲௯௱௪௰௭.