நண்டின் மஞ்சளைக் குழம்பில் சேர்க்கலாமா?

வான்கூவரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "விடுமுறை நாட்களில் ஹோ சவுண்ட் கடற்குடாப் பக்கம் போய்க் கூண்டு போட்டு நண்டு பிடிக்கிறோம். காகித ஆலைக் கழிவால் அங்கே முன்பு நண்டு பிடிக்கவே தடை இருந்தது என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஊர் வழக்கப்படி ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கூழோடு சேர்த்தே குழம்பு வைக்கிறோம். குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?"

மீன்பிடிக்க அனுமதியுள்ள பகுதியில் பிடித்ததென்றால் சதையைக் கொடுக்கலாம். மஞ்சளைக் கொடுக்காதீர்கள்.

பெரியவர் சொன்னது உண்மை. 1988 நவம்பரில் ஹோ சவுண்டில் இறால், நண்டு பிடிப்பதை அரசு நிறுத்தியது. அங்கே போர்ட் மெலன், வுட்ஃபைபர் என காகிதத்துக்கான இரண்டு மரக்கூழ் ஆலைகள் இருந்தன. மரக்கூழ் இயல்பில் பழுப்பு நிறம். மர நார்களை ஒட்டவைக்கும் லிக்னின் என்ற பொருள்தான் காரணம். வெளுப்பதற்குக் குளோரின் வாயுவைச் செலுத்தியபோது, லிக்னினோடும் நுரையடக்கும் எண்ணெயிலிருந்த சில பொருள்களோடும் அது சேர்ந்து டையாக்சின், ஃபியூரான் என்ற நஞ்சுகளை உண்டாக்கியது.

இவை நீரில் கரைவது அரிது. கழிவோடு வரும் நாரிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. நண்டு இரை தேடுவதோ அந்தச் சேற்றில்தான்! உள்ளே போன நஞ்சு கொழுப்பைத் தேடித் தங்குகிறது. ஓட்டைப் பிளந்ததும் பச்சை கலந்த மஞ்சளாகக் கூழ்போல் வழிகிறதே, அது நண்டுக்குக் கல்லீரலும் கணையமும் ஒன்றான உறுப்பு. டையாக்சின் அதிகம் சேர்வது அங்கேதான். சதையில் மிகக் குறைவு.

பாதிப்பு நண்டோடு நிற்கவில்லை. வான்கூவர் தீவின் கிராஃப்டன் ஆலைக்கு அருகே கூடு கட்டியிருந்த பெரிய நீல நாரைகளின் குடியிருப்பில் 1987-இல் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. முட்டைகளைச் சோதித்தபோது டையாக்சின் உயர்ந்திருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பிறகு ஆலைகள் குளோரின் வாயுவை விட்டுக் குளோரின் டையாக்சைடுக்கு மாறின. நுரையடக்கி எண்ணெயும் மாறியது. 1992-இல் கனடா சட்டமே கொண்டுவந்தது. கழிவில் டையாக்சின் வெகுவாகக் குறைந்தது. தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. வுட்ஃபைபர் ஆலை 2006-இல் மூடப்பட்டது. ஆனாலும் பழைய படிவு முழுக்க மறைந்துவிடவில்லை. புதுச் சேறு மேலே மூடிக் கிடக்கிறது.

உங்கள் அடுப்படிக்கு வருவோம். கொதிக்கவைத்தால் டையாக்சின் அழியாது. கொழுப்போடு கலந்து குழம்பில்தான் இறங்கும். ஆகவே முழு நண்டை அப்படியே வேகவைக்க வேண்டாம். முதலில் ஓட்டைக் கழற்றி, மஞ்சளையும் செவுளையும் வழித்தெடுத்துக் குழாய் நீரில் நன்றாக அலசிவிட்டு, அதன் பிறகு மசாலாவில் போடுங்கள். முழுதாக வேகவைத்துவிட்டீர்களென்றால், அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுக்காமல் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூண்டை இறக்கும் முன் கனடா மீன்வளத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பழைய ஆலைகளுக்கு அருகே மட்டும் போடாதீர்கள்.